அவருக்குப் பதிலாக நான் குடித்த விஸ்கி

என் வாழ்நாளில் நான் மது குடித்தது ஒரே ஒரு நாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, பகல் சாப்பாடு ஆனபிறகு. குடிக்கச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவரால் அப்போது பேச முடியாது. சிலேட்டில் எழுதித்தான் கேட்டார்.

நான் திண்டிவனத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அவர் விழுப்புரம் ஜங்ஷனில், மேல் வகுப்புப் பயணிகள் சாப்பிடுகிற அறையில் பட்லர். இரண்டு பேரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். என் அப்பா கூட்டேரிப்பட்டுப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளில் ஆயுசு முழுக்க அடுத்தவருக்குக் களை வெட்டியவர். அவருடைய அப்பா ரயில்வேயில் கரி அள்ளியவர். இரண்டு வீட்டிலும் சலவை செய்த வெள்ளை உடுப்பு போட்டு வேலைக்குப் போன முதல் ஆட்கள் நாங்கள்தான். சபைப் பெரியவர்களுக்கு அது ஒரு பொருத்தமாகத் தெரிந்தது. கல்யாணம் செய்து வைத்தார்கள்.

வாரம் முழுக்க அவர் விழுப்புரத்தில் இருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் வருவார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸ்களுக்கென்று கட்டின ஓட்டு வீடுகளில் ஒன்று எங்களுடையது. உள்ளே வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்.

"இன்னிக்கு பிரசவ வார்டா?"

"எப்படித் தெரியும்?"

"உன் கையில கார்பாலிக் வாசனை. அதுக்கடியில பால் வாசனை."

அப்படி ஒரு மூக்கு. பால் திரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திரியப் போகிறது என்று சொல்வார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை போடப் போகிறது என்று ஒரு தடவை சொன்னார், போட்டது. அந்த மூக்கை வைத்துத்தான் அவர் வேலையில் பெயர் எடுத்திருந்தார். சரக்கு வந்து இறங்கினால், எந்தப் பாட்டில் சரி, எதில் கலப்படம் என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டிவிட்டுத் துப்பிவிடுவார்.

எனக்கு அந்த வேலையே பிடிக்காது. சனிக்கிழமை கூலி நாள். ஞாயிறு காலையில் எங்கள் வார்டுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேருக்கு உதடு கிழிந்திருக்கும், இல்லாவிட்டால் விலா முறிந்திருக்கும். கட்டுப் போட்டுவிட்டு நேராகக் கோயிலுக்குப் போவேன். மதுவைத் தொட மாட்டேன் என்று எங்கள் சபை மாதர் சங்கத்துப் புத்தகத்தில் நானே போய்க் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"நான் குடிக்கறதில்லமே. ருசி பாக்கறேன்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

"குடிக்கறவன் முழுங்கறான். நான் துப்பறேன்."

அவர் வேலை செய்வதை ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தேன். கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் இருந்தது. பட்டணத்து வண்டி போய், சாப்பாட்டு அறை காலியாகக் கிடந்தது. சமையல்கட்டுக் கதவோரம் ஒரு முக்காலியில் என்னை உட்கார வைத்தார்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். ரயில் பாதை பார்க்கிற இன்ஜினியர். நல்ல உயரம், வெயிலில் காது இரண்டும் சிவந்திருந்தன. மேசைமேல் மூன்று கிளாஸ்கள், மூன்றும் சாசரால் மூடியிருந்தன. என் வீட்டுக்காரர் தோளில் துண்டோடு பக்கத்தில் நின்றார்.

முதல் கிளாஸை எடுத்து மோந்தார். "இது ஆஸ்பத்திரி வாசனை துரை. புகை, அயோடின். கடலோரம் காய்ச்சினது."

இரண்டாவது கிளாஸை உடனே கீழே வைத்துவிட்டார். "இது எளசு. இன்னும் நெருப்பு அடங்கல."

மூன்றாவதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். ஒரு வாய் எடுத்தார், துப்பினார். துரை நாற்காலியில் முன்னால் சாய்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேறங்க. கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊறப்போட்ட திராட்சை. காஞ்ச அத்திப்பழம். பழைய மேசை டிராயரைத் தொறந்தா ஒரு வாசனை வருமே, அது. இது ஒயின் இருந்த பீப்பாயில ரொம்ப வருஷம் தூங்கியிருக்கு."

துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். ஷெர்ரி என்கிற ஒயின் இருந்த பீப்பாயில் போட்டு முதிர வைத்த விஸ்கி அது என்று விளக்கினார். நிறம், இனிப்பு, உலர்ந்த பழ வாசனை எல்லாமே அந்தப் பீப்பாய் கொடுப்பதாம். அன்று சனிக்கிழமை; சேர்ந்து வண்டியில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கும். என் மனசில் வேறொன்று இருந்தது. அவ்வளவு நேரத்தில் துரை ஒரு தடவைகூட அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போனார். போகும்போது இவருக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். இருபத்தைந்து வருஷம் ஷெர்ரி பீப்பாயில் இருந்த விஸ்கி. "நல்ல நாளாகப் பார்த்துத் திற. எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. உன் மூக்கு சொன்னால்தான் நம்புவேன்" என்று சொல்லி விலாசமும் எழுதிக் கொடுத்தாராம்.

அந்தப் பாட்டிலை எங்கள் தகரப் பெட்டியில் என் கல்யாணப் புடவைக்கும் வேதப் புத்தகத்துக்கும் நடுவில் நிறுத்தி வைத்தார். படுக்கப் போட்டால் கார்க்கு கெட்டுவிடும் என்று, பெட்டியை நகர்த்தும்போதெல்லாம் கூடவே நிற்பார். அந்தப் பெட்டியில் அது இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

நல்ல நாள் வரவில்லை. எங்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை அழவே இல்லை. எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்த அதே வார்டில்தான். ஹெட் பட்லர் வேலை காலியானது. இவருக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சாப்பாட்டு அறையை நடத்தின கம்பெனி வேறொருவரைக் கொண்டுவந்து வைத்தது. சண்டைக் காலத்தில் வண்டி வண்டியாகச் சிப்பாய்கள் வந்து போனார்கள். சீமைச் சரக்கு வருவது நின்றது. பழைய சீமைப் பாட்டில்களில் நாட்டுச் சரக்கை ஊற்றிக் கொடுத்தார்கள். "இதுக்கு மூக்கு எதுக்கு? துடைக்கறதுக்குத் துணி இருந்தா போதும்" என்று ஒரு நாள் சொன்னார். அதற்கப்புறம் வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

சண்டை முடிகிற சமயத்தில் ஒரு சனிக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என் மூச்சு வேற வாசனையா இருக்குது."

"பல்லுல எதாவது இருக்கும். உப்புத் தண்ணி கொப்புளிங்க."

"பல்லு இல்ல. உள்ள இருந்து வருது. என்னவோ அழுகற மாதிரி."

வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் குரல் கம்மியது. "வண்டிச் சத்தத்துல கத்திக்கினே இருக்கீங்க, அதான்" என்றேன். தேனும் மிளகும் கொடுத்தேன். நான் நர்ஸ். மற்றவர் வீட்டு ஆண் ஒருவர் இரண்டு மாதம் குரல் கம்மி வந்து நின்றிருந்தால், கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் இழுத்துப் போயிருப்பேன். இவரை ஆறு மாதம் உப்புத் தண்ணீரில் ஓட்டினேன். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இங்கேதான் முதல் தடவை எழுதுகிறேன்.

கடைசியில் டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை அவர் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். பட்டணத்துக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து, தொண்டையில் புற்று என்று கண்டுபிடித்து, "லேட்டா வந்துட்டீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

வந்த மறு வாரம் ஒரு காலையில் அவருக்கு மூச்சு அடைத்தது. முகம் நீலம் பாரித்துவிட்டது. டாக்டரம்மா அவர் கழுத்தில் துளை போட்டு ஒரு வெள்ளிக் குழாயைப் பொருத்தினார். உயிர் தங்கியது. குரல் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவர் எழுதினது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "கார்பாலிக் வாசனை எங்க?"

நான் அப்போதுதான் கார்பாலிக் போட்டுத் தரையைத் துடைத்து முடித்திருந்தேன். அறை முழுக்க அந்த வாசனைதான். அவர் என் கையைப் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டார். எழுத்தை இன்னொரு தடவை தொட்டுக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. மூச்சு கழுத்து வழியாகப் போகிறது. காற்றே போகாத மூக்குக்கு வாசனை எங்கிருந்து வரும்? படிக்கும்போது யாரும் எங்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. எனக்காவது தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வந்தது. கடைத்தெருவில் தண்டோரா போட்டார்கள். யாரிடமாவது மது இருந்தால் மாசக் கடைசிக்குள் தாலுகா ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். கட்டிலில் படுத்தபடி அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிலேட்டை எடுத்தார். "தொற."

"நீங்க கஞ்சியே பாதிதான் முழுங்கறீங்க. நெருப்பா எரியும்."

"நீ குடிச்சுச் சொல்லு. துரைக்கு எழுதணும்."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் தலையை ஆட்டினார். தெரியும் என்று. சிலேட்டைத் துடைக்கவில்லை.

"நல்ல நாள்ல தொறக்கச் சொன்னாரே" என்று நான் சொன்னேன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இதுக்கு மேல எது?" என்று எழுதினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தோம். கார்க்கு பாதி உடைந்து உள்ளே விழுந்தது. துணியில் வடிகட்டினேன். நான் மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸை எடுத்தபோது வேண்டாம் என்று கையை ஆட்டி, அலமாரியைக் காட்டினார். விழுப்புரத்தில் விளிம்பு உடைந்ததென்று ஒதுக்கின ஒரு சின்னக் கிளாஸை எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்தார். அடி பருத்து வாய் குறுகினது. அதில் இரண்டு விரற்கடை ஊற்றினேன்.

அவர் எழுத எழுத நான் செய்தேன். ஜன்னல் பக்கம் பிடித்து, பின்னால் வெள்ளைத் துணியைக் காட்டினேன்.

"காய்ச்சி வடிகட்டின பனைவெல்லப் பாகு மாதிரி இருக்குது. ஓரத்துல செவப்பு."

சாய்த்துப் பார்க்கச் சொன்னார்.

"உள்பக்கமா துளித்துளியா எறங்குது. மெதுவா. வெளக்கெண்ண மாதிரி."

முகம் கொஞ்சம் தெளிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். மோந்து பார் என்று கை காட்டினார். நான் மூக்கை உள்ளே விட்டு இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசி போடும் முன் தோலைத் துடைக்கிற ஸ்பிரிட்தான் தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று துரை இவர் வாயைப் பார்த்த மாதிரி.

"திராட்சை" என்றேன். "கேக்குக்கு ஊறப்போட்டது. அத்திப்பழம். பழைய மேசை டிராயர் வாசனை."

அவர் என் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். பிறகு சிலேட்டைத் துடைத்தார், மெதுவாக எழுதினார்.

"அது நான் சொன்னது. நீ மோந்ததைச் சொல்லு."

எனக்குக் கூசிப் போனது. கிளாஸைக் கீழே வைத்தேன். "ஸ்பிரிட்டுதான் தெரியுது. எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. சாசரால் மூடி வைக்கச் சொன்னார். "கொஞ்சம் ஆறட்டும். வாயைத் தொறந்துக்கினு மோந்து பாரு. அவசரப்படாத" என்று எழுதினார். அந்த நேரத்தில் அவர் கழுத்துக் குழாயை எடுத்துச் சுத்தம் செய்து மாட்டினேன். கை கழுவினேன். வாசனையில்லாத வெறும் தண்ணீரில் கழுவு என்று அதற்கும் ஜாடை காட்டினார்.

இரண்டாவது தடவை சாசரை எடுத்தபோது நெருப்பு அடங்கியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"எலந்த வட" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "வெயில்ல காய வச்ச எலந்த வட. அப்புறம் பழைய புளி, கறுத்துப் போனது. வறுத்த மல்லாட்டை மேல இருக்கிற செவப்புத் தோலு."

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். இன்னும், இன்னும் என்று விரலை அசைத்தார்.

"இன்னொண்ணு இருக்குது. நல்லா இல்ல. தீக்குச்சியைக் கொளுத்தி அணைச்சா வருமே."

"கந்தகமா?"

"ஆமா. செரங்குக்குப் போடற களிம்பு. லேசா."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குடிக்கச் சொன்னார். துப்ப வேண்டாம், முழுங்கு, கடைசி ருசி துப்பினால் முழுசாகத் தெரியாது என்று எழுதினார். நான் ஒரு வாய் எடுத்தேன். சங்கத்துப் புத்தகமும் என் கையெழுத்தும் கண்ணில் வந்து போயின. விழுங்கினேன்.

"மொதல்ல இனிப்பு. நல்லா இருக்குது. ஒடனே போயிடுச்சு. இப்ப கசப்பு. கடுக்காயை மென்ன மாதிரி நாக்கு வறண்டு இழுக்குது."

"கடைசில?"

"கடைசிலயும் அதேதான். போகவே மாட்டேங்குது."

நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குடிக்கச் சொன்னார். பழ வாசனை ஒரு நொடி மேலே வந்தது, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின மாதிரி. அதுவும் நிற்கவில்லை. அப்படியே சொன்னேன். மிச்சத்தைக் குடிக்க வேண்டாம் என்று கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, சிலேட்டின் இரண்டு பக்கமும் எழுதினார்.

"பீப்பாயில ரொம்ப நாள் விட்டுட்டாங்க. மரம் இதைத் தின்னுடுச்சு. பதினஞ்சு வருஷத்துல எடுத்திருந்தா அருமையா இருந்திருக்கும். பீப்பாயைச் சுத்தம் பண்ண எரிச்ச கந்தகமும் சரியா போகல. நெறம் முதல் தரம். வாசனை ரெண்டாந்தரம். ருசி முடிஞ்சு போனது."

"நம்ம பெட்டியில வச்சிருந்ததால கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"இல்ல. பாட்டில்ல வயசாவாது. அவர் குடுத்தப்பவே இப்படித்தான்."

அதைப் படித்துவிட்டுப் பாட்டிலைப் பார்த்தேன். இவ்வளவு வருஷம், வெயில் படாமல், படுக்கப் போடாமல், எதற்கோ என்று எடுத்து வைத்திருந்தது. அவர் சிலேட்டைத் துடைக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கிணற்றடியில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பஞ்சை அந்த விஸ்கியில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, நாக்கு நுனியிலும் ஓரத்திலும் தடவினேன். வாசனை போனாலும் இனிப்பு கசப்பு நாக்குக்குத் தெரியும். முகத்தைச் சுளித்தார். பிறகு சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, குழாயில் காற்று மட்டும் உஸ் என்று வந்தது. "கசப்பு. நீ சொன்னது சரி" என்று எழுதினார். அதற்குக் கீழே, "நல்ல நாக்கு."

மறுநாளே இங்கிலீஷில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அன்பளிப்பாச்சே. இவ்ளோ கறாரா எழுதலாமா?" என்று கேட்டேன்.

"கேட்டாரு. சொல்லணும்."

அப்படியே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். துரை கொடுத்த விலாசத்துக்கு அனுப்பினோம். பதில் வரவே இல்லை. துரை உயிரோடு இருந்தாரா, சண்டையில் குண்டு விழுந்ததில் அந்தத் தெருவே இல்லையா, தெரியாது. தபால்காரர் வருகிற நேரத்தில் அவர் கண் வாசலுக்குப் போகும். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

பாட்டிலை நானே தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போனேன். குமாஸ்தா வாங்கிப் பார்த்துவிட்டு, "சீமைச் சாராயமா? நர்ஸம்மா வீட்டுலயா?" என்றார். பின்பக்கம் போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

மாதர் சங்கத்திலும் நானே சொன்னேன். காரியதரிசி அம்மாள் நல்லவர்.

"மருந்தாக் குடிச்சேன்னு எழுதிக்கலாம், சிஸ்டர். மருந்துன்னா தப்பில்ல."

"மருந்தா குடிக்கலம்மா. ருசி பாக்கத்தான் குடிச்சேன். முழுங்கவும் செஞ்சேன்."

"ஏன் சிஸ்டர் இப்படிப் பேசறீங்க? ஒரு வார்த்தைதானே."

அந்த ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அது என் வீட்டுக்காரர் பார்த்த கடைசி வேலை. அதை மருந்து என்று சொன்னால், நடந்தது இல்லை என்று ஆகிவிடும். என் பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர நான் கேட்கவும் இல்லை.

அதற்கப்புறம் அவர் ஐந்து வாரம் இருந்தார். கடைசி நாட்களில் எழுதவும் தெம்பில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரத்தம் வந்து குழாய் அடைத்துக்கொண்டது. நான் வார்டில் ஒரு பெண்ணுக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான் இருந்தது. அவரால் கூப்பிட முடியாது. பத்து மணிக்குக் கஞ்சி கொடுக்கப் போனபோதுதான் பார்த்தேன்.

விழுப்புரத்திலிருந்து அவரோடு வேலை செய்தவர்கள் நாலு பேர் அடக்கத்துக்கு வந்தார்கள். மதிய வண்டியில் வந்து, சாயங்கால வண்டிக்குத் திரும்ப வேண்டும். அவர்களை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு நானும் நடந்தேன். அப்படிப் போவது வழக்கமில்லை என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வண்டி போனபிறகு பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். மல்லாட்டை மூட்டை ஏற்றுகிறவர்கள் என்னை நகரச் சொன்னார்கள்.

ஆறு மணிக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு வார்டுக்குப் போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு வாரம் வர வேண்டாம்னு சொன்னேனே."

"வேற எங்க போறதுன்னு தெரியல டாக்டரம்மா" என்றேன்.

அவர் மருந்து அலமாரிச் சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.